காமாலைக்குப் போட்ட சூடு

இந்த மலாய் நாட்டில், ஈப்போ ஆஸ்பத்திரியில் பிள்ளைக்கு இருமல் மருந்து வாங்கப் போனாலும் சட்டையைக் கழற்றச் சொல்லிக் கை, முதுகு, தொடை எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். நம் ஊரில் நாக்கை நீட்டச் சொல்வதோடு சரி. போன வாரம் என் ஆறு வயது மகள் செல்வியின் முன்கையில் இருந்த பழைய சூட்டுத் தழும்பைப் பார்த்த சீன நர்ஸ், "சியாப்பா புவாட்?" என்றாள். யார் செய்தது என்று கேட்கிறாள். காமாலை வந்தபோது ஊரில் வைத்தியர் போட்டது என்று விளக்க எனக்கு மலாய் போதவில்லை. "ஊபாட்" என்றேன். மருந்து. அவள் என் முகத்தையும் தழும்பையும் மாறிமாறிப் பார்த்தாள். ஏதோ எழுதிக்கொண்டு, செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வருவதாகச் சொன்னாள்.

பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்களோ என்று அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு வீடு வந்தேன். "நம்ம ஊரு வைத்தியம் அவளுக்கு என்னங்க தெரியும்?" என்று மனைவி கொதித்தாள். நானும் அதையேதான் சொல்லியிருப்பேன், கமலத்தைப் பார்த்திராவிட்டால்.

எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டு நாலைந்து ஊர் சுற்றிய பிறகு, திருச்சி புத்தூரில் ஒரு விறகுக்கடையில் வண்டி ஓட்டினேன். வாரம் ஒருமுறை காவிரிப் பாலம் தாண்டிப் போய் ஸ்ரீரங்கத்து வீடுகளின் கொல்லைப்புறத்தில் விறகு இறக்குவேன். அதில் ஒன்று ஜவுளிக்கடைக்காரர் வீடு. இறந்துபோன தங்கையின் மகள் கமலத்தை அவர் வளர்த்துவந்தார். ஒன்பது வயது. நான் இறக்கும் விறகை அவள்தான் அடுக்குவாள். அவள் முன்கையில் ஒரு சூடு இருந்தது. "காமாலைங்க, வைத்தியர் போட்டாரு" என்றார் வீட்டுக்கார அம்மா. எனக்கும் அதே இடத்தில் தழும்பு உண்டு. "ரெண்டு பேருக்கும் ஒரே வைத்தியரா பாப்பா?" என்று கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

அடுத்த மாதம் மேல்கையில் ஒன்று. பிறகு தோளுக்குப் பின்னால், இன்னும் நீர் வடிகிற புண். "திரும்பவும் காமாலை வந்துடுச்சுங்க." காமாலைக்குச் சூடு ஒரே தடவைதான், அதுவும் முன்கையில்தான். கண் மஞ்சளாகியிருக்கும். கமலத்தின் கண் வெளேரென்று இருந்தது. உள்ளேயிருந்து "கமலம்!" என்று வீட்டுக்கார அம்மாவின் குரல் வந்ததும், நின்ற இடத்திலேயே அவள் பாவாடை நனைந்தது. இது வைத்தியர் போட்ட சூடு அல்ல என்பதில் அதற்குப் பிறகு எனக்குச் சந்தேகம் இல்லை.

முதலாளியிடம் சொன்னேன். "வெறகு போடத்தானே போன? பொம்பளப் புள்ள விஷயம். ஒம்மேலயே பழியத் திருப்பிடுவாங்க, பாத்துக்க." பயந்தேன். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் இரண்டு தடவை நின்றுவிட்டுத் திரும்பினேன். கடைசியில், சமயபுரத்தில் தேங்காய்க்கடை வைத்திருந்த கமலத்தின் சித்தப்பாவைத் தேடிப் போனேன். உறவுக்காரரிடம் சொன்னால் போதும் என்பது நம் வழக்கம்.

அவர் தேங்காய் உரிப்பதை நிறுத்தவில்லை. "மூணு வேளை சோறு போடுறாங்கல்ல? தாய்மாமன் வீடுங்க, கண்டிக்க மாட்டாங்களா? சரி, வந்துட்டீங்க, மச்சான்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேன்."

கேட்டுவிட்டார். அடுத்த வாரம் கொல்லைக் கதவு தாழிட்டிருந்தது. "வேற கடையில வாங்கிக்கிறோம், போங்க!" என்றது வீட்டுக்கார அம்மாவின் குரல். கமலத்தின் சத்தமே இல்லை. நான் வாய் திறந்ததற்கும் சேர்த்து அவளுக்கு என்ன விழுந்ததோ. இரண்டே மாதத்தில் நாகப்பட்டினத்தில் இந்த நாட்டுக்குக் கப்பல் ஏறிவிட்டேன். பிறகு கல்யாணத்துக்கு ஊர் போனபோது அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. போகப் பயம்.

செவ்வாய்க்கிழமை நர்ஸ் வந்தாள். அடுப்படியைப் பார்த்தாள், செல்வியின் இன்னொரு கையையும் பார்த்தாள். பிறகு எங்கள் இருவரையும் பார்த்து "துங்கு லுவார்" என்றாள். வெளியே நில்லுங்கள் என்று பொருள். கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே செல்வி மலாயில் பேசினாள். தெருவில் விளையாடிக் கற்ற வேகமான மலாய், எனக்குப் பாதிதான் பிடிபட்டது. முந்தின நாள் நான் அவளை ஓங்கி அறைந்தது நினைவுக்கு வந்தது. அதையும் சொல்வாளோ? கதவைத் தள்ளி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுத்த கப்பலில் நாகப்பட்டினத்துக்கே ஓடிவிட வேண்டும் போலிருந்தது. கமலத்தை யாரும் இப்படித் தனியாக வைத்துக் கேட்டதில்லை; அந்த நர்ஸ் அவசரப்படாமல் இன்னும் நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றும் இருந்தது. "உள்ள போங்களேன்!" என்று மனைவி என் முதுகில் கைவைத்துத் தள்ளினாள். நான் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றேன்.