ஏழாம் அதிகாரம் எங்கள் வீட்டில்

எங்கள் வீட்டில் படிக்க வேண்டிய ஓர் அதிகாரத்தை அவர்கள் தங்கள் வீட்டிலேயே வைத்து முடித்துவிட்டார்கள். மாற்கு நற்செய்தி, ஏழாம் அதிகாரம். இத்தனை வருஷம் கழித்து அதை ஏன் கிளறுகிறாய் என்று என் தம்பி கேட்கிறான். மன்னிக்கச் சொல்லி வேதம் சொல்கிறதே அக்கா என்கிறான். அப்போது அவன் அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து எச்சில் வடித்துக்கொண்டிருந்தவன். அவனுக்கு என்ன தெரியும்? வேதத்தை எனக்கு அவன் சொல்லித்தர வேண்டாம். அந்த அதிகாரத்தை எழுத்துக்கூட்டிப் படித்தவள் நான்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் புனேயில், கட்கியில் இருந்தோம். அப்பாவுக்கு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. அங்கே தமிழர்கள் நிறைய. பெரும்பாலும் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள். மாதா கோயிலுக்குப் போகிற தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம்தான். இங்கிலீஷ் பூசையும் கொங்கணிப் பூசையும் முடிந்து, கோவாக்காரர்கள் எல்லாம் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனபிறகு மிச்சமிருக்கிற நேரத்தில் எங்களுக்குத் தமிழ்ப் பூசை நடக்கும்.

குருவாவதற்குச் செமினரியில் படித்துக்கொண்டிருந்த ஒரு பிரதர் அந்தத் தவக்காலத்தில் ஒரு யோசனை சொன்னார். மாற்கு நற்செய்தியை அதிகாரம் அதிகாரமாகப் படிப்பது. வீட்டுக்கு ஓர் அதிகாரம். செவ்வாய், வியாழன், சனி மாலைகளில் கூட்டம். எந்த வீட்டில் படிக்கிறோமோ அந்த வீட்டுப் பிள்ளை வாசிக்க வேண்டும். வாசித்து முடித்ததும் அந்த வீட்டுக்காரர்தான் முதலில் பேச வேண்டும். பிறகு மற்றவர்கள், பிறகு மன்றாட்டு, பாட்டு, டீ. யாருக்கு எந்த அதிகாரம் என்று சண்டை வராமல் இருக்க, காணிக்கைத் தட்டில் சீட்டுப் போட்டுக் குலுக்கினார்கள். அப்பா எடுத்த சீட்டில் ஏழு என்று இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அப்பா தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். அப்பா சிரிப்பது அபூர்வம்.

அவருக்கு மாற்கு புதிதல்ல. தினமும் விடிகாலையில், தொழிற்சாலைச் சங்கு ஊதுவதற்கு முன்னால், டீ குடித்துக்கொண்டே ஓர் அதிகாரம் படிப்பார். வேலைக்குப் போகிற இடத்தில் புத்தகமும் கூடாது, தீக்குச்சியும் கூடாது. வாசலிலேயே தடவிப் பார்த்து உள்ளே விடுவார்கள். அதனால் படித்ததை மண்டைக்குள் போட்டுக்கொண்டு போய் நாள் முழுக்க அரைத்துக்கொண்டிருப்பார். மாற்கு முடிந்தால் மறுபடியும் முதலிலிருந்து மாற்கு. நற்செய்தி எழுதிய மற்ற மூன்று பேர் கோபித்துக்கொள்ளப் போகிறார்கள் என்று அம்மா கேலி செய்வாள்.

ஏழாம் அதிகாரத்தில் அவருக்கு ஒரு முள் இருந்தது. வேற்று இனத்துப் பெண் ஒருத்தி, தன் மகளுக்குப் பிடித்த பேயை ஓட்டச் சொல்லி இயேசுவின் காலில் விழுகிறாள். பிள்ளைகளுக்கு உள்ள உணவை நாய்க்குட்டிகளுக்குப் போடலாமா என்று அவர் கேட்கிறார். சாமி எப்படி அப்படிச் சொன்னார்? அப்பா பலமுறை அம்மாவிடம் இதைக் கேட்டுவிட்டார். குழம்பு கொதிக்கிற நேரத்தில் கேட்டால் நான் இன்னா சொல்றது, பெரியவங்களைக் கேளுங்க என்பாள் அம்மா. பெரியவர்கள் எல்லோரையும் தன் வீட்டில் உட்காரவைத்து, வீட்டுக்காரனாக எழுந்து நின்று கேட்கலாம் என்ற நாள் கைக்கு வந்துவிட்டது. அதற்குத்தான் அந்தச் சிரிப்பு.

வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். அம்மா கொண்டைக்கடலை வாங்கிவைத்தாள். பக்கத்து வீட்டு மராட்டி ஆயி ஒரு பெரிய பாத்திரமும் விரிப்பதற்குச் சதரஞ்சியும் கொடுத்தாள். எனக்குத் தமிழ் படிக்க வராது. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், இந்தி, மராட்டி. தமிழ் வாயில் மட்டும். இருந்தாலும் ரோஷம் வந்துவிட்டது. கறிக்கடைக்காரர் மகன் இரண்டாம் அதிகாரத்தைத் தடுமாறித் தடுமாறிப் படித்தபோது எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததைப் பார்த்திருந்தேன். எனக்கு அப்படி நடக்கக்கூடாது என்று காலையும் மாலையும் உட்கார்ந்து எழுத்துக்கூட்டினேன். கடைசியில் புத்தகமே இல்லாமல் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டது.

ஆறாம் அதிகாரம் சனிக்கிழமை, சூப்பர்வைசர் அங்கிள் வீட்டில். அவர்தான் ஜெபக்கூட்டத்துக்குத் தலைவர். தொழிற்சாலையிலும் அப்பாவுக்கு மேலே. நல்ல குரல், வெள்ளைச் சட்டை, பேச்சுக்கு முன்னால் ஒரு செருமல். அவர் மகள் ஆறாம் அதிகாரத்தைப் படித்தாள். ஐந்தாயிரம் பேருக்கு உணவு கொடுத்த இடத்தைப் பற்றி அவர் நெடுநேரம் பேசினார். இதற்குப் பிறகு பாட்டு, டீ என்று நினைத்துக்கொண்டிருந்தபோது அவர் ஒரு செருமல் செருமினார்.

"செவ்வாய்க்கிழமை கூட்டம் வேண்டாம்னு பாக்குறேன். பிள்ளைங்களுக்குப் பரீட்சை நேரம். ஏழையும் இங்கேயே இப்பவே படிச்சு முடிச்சுட்டோம்னா, வியாழக்கிழமை நேரா எட்டாம் அதிகாரத்துக்குப் போயிடலாம்."

செவ்வாய்க்கிழமை பரீட்சையாம். வியாழக்கிழமை பரீட்சை இல்லையாம். எந்தப் பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு கால அட்டவணை போட்டிருந்தார்கள் என்று இன்றைக்குக் கேட்க ஆசைதான். அன்றைக்குக் கேட்க வேண்டியவர்கள் யாரும் கேட்கவில்லை. சீட்டுக் குலுக்கிய பிரதர் தலையைக் குனிந்து புத்தகத்தைப் புரட்டினார். தேடுவதற்கு அதில் என்ன இருந்ததோ. நாளைக்குப் பீடத்தில் நின்று ஊருக்கு உபதேசம் செய்யப்போகிற மனுஷனுக்கு ஒரு வார்த்தை பேச நாக்கு எழவில்லை.

நான்தான் எழுந்தேன். "அங்கிள், ஏழு எங்களோடது" என்றேன்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்குக் கோபம் வரவில்லை. சிரித்தார். "அதனால என்ன பாப்பா? வா, இங்க வந்து நீயே படி" என்று தன் பக்கத்தில் இடம் காட்டினார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கதவோரம் உட்கார்ந்திருந்தார். நான் போய் நின்று படித்தேன். ஒரு இடத்திலும் தட்டவில்லை. சீடர்கள் கை கழுவாமல் சாப்பிடுகிறார்கள் என்று பரிசேயர் என்ற ஆசாரக்காரர்கள் குறை சொன்னதைப் படித்தேன். வெளியிலிருந்து உள்ளே போகிற எதுவும் மனிதனைத் தீட்டாக்காது என்று இயேசு சொன்னதைப் படித்தேன். நாய்க்குட்டிகளும் பிள்ளைகள் சிந்துகிற துணுக்கைத் தின்னுமே என்று அந்தப் பெண் பதில் சொன்னதைப் படித்தேன். எங்கள் வீட்டில் ஒரு டம்ளர் டீ குடிக்கவேண்டி வந்துவிடுமே என்று பயந்து அவர்கள் அவசர அவசரமாகக் கடத்திக்கொண்டு வந்த அதிகாரம் அது. வேறு அதிகாரமே கிடைக்கவில்லை பாருங்கள்.

வீட்டுக்காரர் முதலில் பேச வேண்டும் அல்லவா? பேசினார். கையைக் கழுவுவதா முக்கியம், மனசு சுத்தமாக இருக்கவேண்டும் என்று அங்கிள் நெஞ்சில் கையை வைத்துச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். அப்பா கதவோரத்திலிருந்து எழுந்து, "சார், எனக்கு ஒரு சந்தேகம்" என்றார். "நேரமாயிடுச்சுப்பா, பாட்டுப் பாடிடலாம்" என்றார் அவர். உடனே பாட்டை ஆரம்பித்துவிட்டார்கள். எழுந்த அப்பா அப்படியே நின்று பாடினார். அவர் வாய் அசைந்தது, சத்தம் வந்ததா என்று தெரியாது. நன்றாகப் படித்ததற்காக அங்கிள் எனக்கு ஒரு வெள்ளை ஜெபமாலை கொடுத்தார். அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நான் ராணிபோல நடந்து வந்தேன்.

விஷயம் இதுதான். எங்கள் சொந்த ஊரில் மாதா கோயில் இருக்கிற தெரு வேறு, நாங்கள் இருந்த காலனி வேறு. என் தாத்தா காலத்தில் கோயிலுக்குள்ளேயே எங்களுக்குத் தனிப் பக்கம். இந்தக் கூட்டத்துக்காரர்கள் புனேக்கு வந்து, வடாபாவ் தின்று, மராட்டி பேசி, பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள். எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டவர்கள், யார் எந்தத் தெருக்காரன் என்பதை மட்டும் ரயிலில் பத்திரமாக மூட்டை கட்டிக் கொண்டுவந்துவிட்டார்கள். எங்களைத் தங்கள் வீட்டுக்குக் கூப்பிடுவார்கள். எங்கள் பிள்ளையைத் தங்கள் வீட்டில் வேதம் படிக்கவைப்பார்கள். எங்கள் வீட்டு நிலைப்படியைத் தாண்டிக் கால் வைக்க மட்டும் பரீட்சை வந்துவிடும். சாதி என்ற சொல்லே அப்போது எனக்குத் தெரியாது. என் வீட்டில் அந்தச் சொல்லை எனக்கு எட்டாத உயரத்தில் வைத்திருந்தார்கள்.

அன்றைக்கு அம்மா கதவைச் சாத்தியதும் வெடித்தாள். "இத்தினி நாளா அவங்க வூட்டு டீயை நாம குடிக்கலையா? நம்ம வூட்டுச் சுண்டல் அவங்க தொண்டையில எறங்காதாமா?"

நான் குறுக்கே பேசினேன். "பரீட்சைன்னு அங்கிள் சொன்னாருல்லம்மா" என்றேன். அம்மா என்னை அடிக்க வந்து, அடிக்காமல் உள்ளே போய்விட்டாள். வாங்கிவைத்த கடலை வீணாகிவிடுமே என்றுதான் அம்மாவுக்குக் கோபம் என நினைத்தேன்.

இருந்தாலும் திங்கள் இரவு அவள் கடலையை ஊறவைத்தாள். செவ்வாய் மாலை சதரஞ்சியையும் விரித்தாள். யாராவது ஒருத்தர், வெட்கப்பட்டாவது, வந்துவிடமாட்டார்களா என்று அவளுக்கு ஒரு நப்பாசை. அப்பா சவரம் செய்துகொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஒரு ஈ காக்கை வரவில்லை. பாத்திரம் என்ன ஆயிற்று என்று கேட்க வந்த மராட்டி ஆயிதான் விரிப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இரண்டு தட்டுச் சுண்டல் சாப்பிட்டாள். மிச்சத்தை நாங்கள் மறுநாள் மத்தியானம் வரை தின்றோம்.

எட்டாம் அதிகாரம் வியாழக்கிழமை, ரயில்வே கேட் பக்கம் இருந்த நர்ஸ் ஆன்ட்டி வீட்டில். அப்பா வரமாட்டார் என்று அம்மா நினைத்தாள். அவரோ வேலையிலிருந்து வந்து குளித்து, கல்யாணத்துக்குப் போடுகிற சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். "சண்டைக்குப் போறீங்களா?" என்று அம்மா கேட்டாள். "ஜெபத்துக்குப் போறேன்" என்றார் அப்பா.

அன்றைக்கு நாலாயிரம் பேருக்கு உணவு. நர்ஸ் ஆன்ட்டி பகிர்ந்து உண்பதைப் பற்றிப் பேசினாள். நல்லவள்தான், யார் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் ஓடி வருகிறவள். எங்கள் வீட்டுக்கும் வந்து வாசலில் நின்றபடியே மாத்திரை கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். அவள் பேசி முடித்ததும் அப்பா எழுந்தார். இந்தமுறை கதவோரத்திலிருந்து அல்ல. நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"சார், ஏழாம் அதிகாரத்துக்கு வூட்டுக்காரன் இன்னும் பேசலை" என்றார்.

சூப்பர்வைசர் அங்கிள் செருமினார். "அது அன்னைக்கே முடிஞ்சுடுச்சேப்பா."

"உங்க வூட்ல முடிஞ்சுது. சீட்டு எடுத்தது நானு."

பிரதர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பா அவர் பக்கம் திரும்பவே இல்லை. அப்பாவின் குரல் நடுங்கியது. பயம் என்று நினைத்தேன். அப்பாவின் கோபத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"அந்தம்மாவை சாமி ஏன் அப்படிச் சொன்னாருன்னு ரொம்ப வருஷமா யோசிக்கிறேன். இப்பவும் எனக்குத் தெரியலை. ஒண்ணு மட்டும் தெரியுது. அந்தம்மா அழுதுக்கினு எழுந்து போயிடலை. அங்கியே நின்னு பதில் பேசிச்சு. பேசினதும், சரிம்மா, நீ சொன்னது சரின்னு சாமி தன் பேச்சை மாத்திக்கினாரு. அவரே மாத்திக்கினாரு. நீங்க அவரைவிடப் பெரியவங்களா?"

யாரோ இருமினார்கள். அங்கிள் வீட்டு ஆன்ட்டி புடவைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தாள்.

"சனிக்கிழமை என் வூட்ல ஏழாம் அதிகாரம் படிக்கிறோம். டீயும் உண்டு, சுண்டலும் உண்டு. யார் யார் வரீங்க? கையைத் தூக்குங்க."

அங்கிள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிரதர் புத்தகத்தைப் பார்த்தார். நர்ஸ் ஆன்ட்டியின் கை மடியிலேயே கிடந்தது. அத்தனை பேரும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேள்வி கேட்டதும் கை தூக்குவதில் நான் கெட்டிக்காரி. எல்லோருக்கும் முன்னால் என் கை எழுந்துவிட்டது. அப்பா அந்தக் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அம்மா என் முழங்கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். நான் விடவில்லை. வேறு ஒரு கைகூட எழவில்லை என்று பார்த்தபோது எனக்கு ஒரே பெருமை. பதில் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று நினைத்துக்கொண்டு, அப்பா கண்ணில் படட்டும் என்று கையை இன்னும் உயரமாகத் தூக்கினேன்.