நாய்க்கு வைத்த மீன்

எழுபதுகளில் அந்தமானில், பாம்பூஃப்ளாட்டில் குடியிருந்தோம். நாங்கள் முட்டைகூடத் தொடாத சைவம். அதனால் எங்கள் நாய்க்கும் ரசம் சாதமும் பால்பவுடர் மோரும்தான்.

ஒரு மழைக்காலத்தில் அதன் பின்னங்கால்கள் துவண்டுவிட்டன. படியேற முடியாமல் என் மனைவியைப் பார்த்து முனகியது. தூக்கிக்கொண்டு ஃபெர்ரி ஏறி, போர்ட் பிளேரில் கால்நடை டாக்டரிடம் போனோம். அவர் தொடையை அழுத்திப் பார்த்தார்.

"சாப்பிட என்ன குடுக்கிறீங்க?"

"நாங்க சாப்பிடறதுதான், டாக்டர் சாப்," என்றாள் மனைவி.

"அது பத்தாதும்மா. தசைக்குச் செலினியம்னு ஒரு சத்து துளியாவது வேணும். மச்லில இருக்கு. வேகவச்சு, முள்ளெடுத்துக் குடுங்க."

"மாத்திரையா தரக்கூடாதா?"

"அளவு மீறினா அதுவே விஷம். மீனே நல்லது."

 மறுநாள் அவள் கொல்லையில் கல்லடுப்புக் கூட்டி, தனிச் சட்டியில் சூரை மீன் துண்டை வேகவைத்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, முள்ளைத் தன் விரலாலேயே எடுத்தாள்.

சில வாரங்களில் நாய் மெல்ல எழுந்து நடந்தது. பிறகு ஃபெர்ரி ஏறும் ஜெட்டிவரை என்னை வழியனுப்பவும் வந்தது.

"நீங்களும் மீன் சாப்பிட ஆரம்பிச்சாச்சா?" என்று பக்கத்து வீட்டு வங்காளிப் பெண் இந்தியில் கேட்டாள்.

"இல்ல தீதி, குழந்தைக்கு மட்டும்தான்," என்றாள் என் மனைவி.