தலையை ஆட்டாதே

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் தனிஸ்லாஸ், எல்லாரும் ‘முசே’ என்றழைக்கும் பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் குத்துச்சண்டைப் பயிற்சிக்கு எதிராளாகவும் நிற்பான். ஆள் மலை மாதிரி. ஆனால் குத்து வருமுன்னே தலை விலகிவிடும். திருப்பி அடிக்கக் கூடாது என்பது உத்தரவு.

அன்று விருந்தாளிகள் முன்னால் அதிகாரியின் குத்தெல்லாம் காற்றில் போயிற்று. யாரோ சிரித்துவிட்டார்கள். அதிகாரி கத்தினார்.

துபாஷி பலராமன் தமிழில் சொன்னான்: “தலைய ஆட்டாம நின்னு வாங்கிக்கடா. இல்லன்னா நாளைக்கித் துறைமுகத்துல வேல கெடையாதுன்றாரு முசே.”

வீட்டில் மனைவி ஞானமேரி நிறைமாதம். அது நினைவுக்கு வந்தும் தனிஸ்லாஸுக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

“மூட்ட ஏத்துனா இந்தத் தல ஆடாம நிக்கும். இவுரு குத்துறதுக்கு நிக்காதுன்னு சொல்லுய்யா ஒம் முசேகிட்ட!”

கையுறைகளைக் கழற்றி வீசிவிட்டு வெளியேறினான்.

இப்போது பெரிய மார்க்கெட்டில் வெங்காய மூட்டை சுமக்கிறான்.