சனிக்கிழமை சாயங்காலம் அணைத்த கணினி

எத்தனை கோர், எவ்வளவு மெமரி, எந்த ஊரில் வேண்டும் என்று திரை கேட்டுக்கொண்டே போனது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு நிம்மதி கொடுத்தவன் நான். பெண் பார்க்கப் போனபோதுகூட என்னை இவ்வளவு கேட்கவில்லை. வீடியோ பார்த்துப் பார்த்து, இருப்பதிலேயே சிறியதாக ஒன்றை மும்பையில் பிடித்தேன். தொட்டுப் பார்க்க முடியாத வாடகைக் கணினி. கிளவுடு என்கிறார்கள்.

நாமக்கல் பக்கம் ஓர் அக்காவின் கோழிப்பண்ணைக்காக அது. கொட்டகையில் நான் மாட்டிய சிறு பெட்டி வெப்பத்தை அளந்து அந்தக் கணினிக்கு அனுப்பும். அது அக்காவின் போனில் காட்டும். சூடு ஏறினால் மணி அடிக்கும். அக்கா தனி ஆள். மகள் விடுதிப் பள்ளியில். ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்க விடுவார்கள். வெயில் காலத்தில் உச்சிப்பொழுதில் கொட்டகையை விட்டு நகர முடியாமல் இரண்டு மாதமாகப் போகவில்லை. பெட்டியை நம்பி இந்த ஞாயிறு கிளம்புவதாக இருந்தார்.

இந்த வேலைக்கு வருமுன் நான் குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டியவன். சனிக்கிழமை சாயங்காலம் மெயின் சுவிட்சை அணைக்காமல் வெளியே வந்தால் முதலாளி என் வம்சத்தையே இழுப்பார். கை அதற்குப் பழகிவிட்டது. அந்தச் சனிக்கிழமை லேப்டாப்பை மூடும்முன் மும்பைக் கணினியின் 'ஸ்டாப்' பொத்தான் கண்ணில் பட்டது. அமுக்கினேன். பொறுப்பான ஆள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நன்றாகத் தூங்கவும் செய்தேன்.

காலையில் டீ குடிக்கும்போது உறைத்தது: கோழிக்கு ஏது வார லீவு? ஓடிவந்து 'ஸ்டார்ட்' அமுக்கினேன். பச்சை விளக்கு. அப்பாடா.

பதினொரு மணிக்கு அக்கா கூப்பிட்டார்.

"ஏந்தம்பி, போன்ல முப்பதுன்னு காட்டுது. இங்க கோழியெல்லாம் வாயப் பொளந்துட்டு நிக்குது. கோழி பொய் சொல்லுதா, உன்ற பொட்டி பொய் சொல்லுதா?"

"கோழி பொய் சொல்லாதுங்க்கா. தண்ணி அடிங்க, வாரேன்."

நான் போனபோது அக்கா கையில் தண்ணீர்க் குழாய். மகளைப் பார்க்கக் கட்டிய நல்ல சேலை முழுக்க நனைந்திருந்தது. ஐந்தாறு கோழிகள் சாக்கின்மேல் செத்துக் கிடந்தன. கிளம்பும்முன் அக்கா ஒருதரம் எட்டிப் பார்த்ததால் மற்றவை தப்பின.

லேப்டாப்பைத் திறந்து நோண்டியபோதுதான் புரிந்தது. அணைத்து மறுபடி போட்டால் அந்தக் கணினியின் முகவரி மாறிவிடுமாம். நிலையான முகவரி வேண்டுமென்றால் தனியாகக் கேட்டு வாங்க வேண்டுமாம். பெட்டி பாவம், காலி செய்த வீட்டுக்கே கடுதாசி போட்டுக்கொண்டிருந்தது. போனில் தெரிந்தது சனிக்கிழமை வந்த கடைசி எண்.

நெட்வொர்க் கோளாறு என்று சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்துவிட்டது.

"நாந்தானுங்க்கா அணைச்சுப் போட்டேன்."

"எதுக்கு?"

"தறி நெனப்புலங்க."

"உன்ன வெச்சு வேல வாங்குன மொதலாளியக் கையெடுத்துக் கும்புடோணும்" என்றார். சிரிக்கவில்லை. குழாயை அடுத்த வரிசைக்குத் திருப்பிக்கொண்டே, "புள்ள ஸ்கூல் கேட்டுலயே நின்னுட்டிருப்பா" என்றார்.

நிலையான முகவரி வாங்கினேன். பத்து நிமிடம் எண் வராவிட்டால் அதற்கும் மணி அடிக்கச் செய்தேன். நம்புங்கள் என்று சொல்லத்தான் முகம் இல்லை. "அடுத்த ஞாயிறு நீங்க போயிட்டு வாங்க. நான் கொட்டகைலயே உக்காந்துக்கறேன்" என்றேன்.

போனார். பன்னிரண்டரைக்கு அழைத்தார்.

"எத்தன காட்டுது?"

"செவுத்துல மாட்டுன தெர்மாமீட்டர்ல முப்பத்தஞ்சு. போன்லயும் அதேதானுங்க."

"புள்ள இன்னுஞ் செத்த நேரம் இருங்கறா. இருக்கட்டுமா?"

வாழ்க்கையில் எதையும் யோசித்துச் சொன்னவன் இல்லை நான். அன்றைக்கு அந்த ஒரு வார்த்தைக்கு நேரம் எடுத்தது. "இருங்க்கா" என்றேன். பிறகு எழுந்துபோய், ஒரு வரிசை விடாமல் கோழிகளைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.