கண்காட்சியில் என் மனைவிக்குச் சூடம்

இன்று ஓசூர் பஞ்சாயத்து யூனியன் கூடத்தில் நம்மூர்க் கைவினைக் கண்காட்சி. கம்பளி நெய்தவர், கூடை முடைந்தவர் வரிசையில், நான் களிமண்ணில் செய்த பெண் சிலையும் இருந்தது.

முகம் என் மனைவி கெம்பம்மாவுடையது. அவள் என்னைத் திட்டும்போதெல்லாம் பார்த்து, அவளுக்குத் தெரியாமல் செய்தேன்.

காலையில் குருபரப்பள்ளி விவசாயி ஒருவர் சிலையின் முன் நின்றார். "என்னா உக்கிரம்! மாரியம்மாவேதான்" என்று சூடம் ஏற்றிவிட்டார்.

"ஐயா, இது சாமியில்லீங்க" என்றேன்.

"செருப்பக் கழட்டிட்டுப் பேசுப்பா" என்றார்.

மதியத்துக்குள் சிலைக்குக் குங்குமம், மாலை, ஒரு சீப்பு வாழைப்பழம் எல்லாம் வந்துவிட்டன. கம்பளிக்காரர் தன் சரக்கை விட்டுவிட்டுக் கூட்டத்தை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கெம்பம்மா வந்தாள். சிலையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் கம்பளிக்காரருக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

"நானா இப்படி மொறைக்கிறேன்?" என்று அப்படியே முறைத்தாள்.

விவசாயி இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அவளைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அவள் பழச்சீப்பை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். "எனக்குப் படைச்சதுதானே? சாயந்திரம் அந்தம்மாவையும் வீட்டுக்குத் தூக்கிட்டு வாங்க" என்று கிளம்பிவிட்டாள்.

ஒருத்தியின் முறைப்பையே தாங்காதவன் வீட்டில் இனி இருவர். உங்கள் பக்கம் அம்மன் இல்லாத கோயில் ஏதும் இருந்தால், உடனே ஒரு கார்டு போடுங்கள்.