பதினொரு மணிக்கு அறுகிற லைன்: ஏழாயிரம்பண்ணைக்கு ஒரு நாள்

2008 ஆகஸ்டில், பட்டாசு சீசன் சூடுபிடித்திருந்த நேரம். ஏழாயிரம்பண்ணை ஆலைக்கும் அதன் சிவகாசி அலுவலகத்துக்கும் இடையிலான கேபிள் இணைப்பு தினமும் அறுந்து, மாற்று ரேடியோ இணைப்புக்குத் தாவிக்கொண்டிருந்தது. தாவும்போதெல்லாம் பாதி அடித்த பில் போய்விடும். "அங்கே யாரோ கேபிளை ஆட்டுகிறார்கள்" என்று மதுரையிலிருந்தே மூன்று முறை போனில் தீர்ப்புச் சொன்ன, அந்த இணைப்பை அமைத்துப் பராமரிக்கும் நான், கடைசியில் நேரில் கிளம்பினேன்.

விருதுநகரில் காலை 8.15 பஸ். சிவகாசிக்கு 26 கிலோமீட்டர், எட்டு ரூபாய். அங்கிருந்து இன்னொரு பஸ், ஏழு ரூபாய். 10.20க்கு ஆலை வாசலில் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

கம்ப்யூட்டர் பார்க்கும் மாரீஸ்வரிக்கு முகமே சரியில்லை. "இன்னைக்கும் அறுந்தா வேற ஆளப் பாத்துக்கிறோம்னு மேனேஜர் சொல்லிட்டாக சார். நான் அந்த வயரத் தொடுறதே இல்ல" என்றார். லைன் போன நேரங்களையெல்லாம் வீணான பட்டாசு லேபிள்களின் பின்பக்கம் குறித்து வைத்திருந்தார். எல்லாமே காலை பதினொன்று, மாலை நான்கு. எங்கள் மதுரை அலுவலகக் கண்காணிப்பு புரோகிராம் அங்குள்ள நெட்வொர்க் ஸ்விட்சிடம் புள்ளிவிவரம் கேட்க நான் வைத்த நேரம் அது.

பதினொரு மணிக்கு என் கண்ணெதிரே லைன் போனது. கேபிள் பக்கம் ஒருவரும் இல்லை. இரு முனை ஸ்விட்சுகளும் "இருக்கிறாயா?" என்று நொடிக்குப் பலமுறை கேட்டுக்கொள்ளும், மூன்று கேள்விக்குப் பதில் இல்லையென்றால் லைன் செத்தது என்று கணக்கு. பதில் சொல்ல வேண்டிய ஆலை ஸ்விட்சின் பிராசசர் என் புரோகிராமுக்குப் புள்ளிவிவரம் ஒப்பித்துக்கொண்டிருந்தது. சமையலும் வாசல் மணியும் ஒரே ஆள் பார்த்தால் இப்படித்தான்.

அந்தக் கேள்வி பதிலைத் தானே கவனிக்கும் வசதி ஸ்விட்சின் சிப்பிலேயே இருந்தது. நான்தான் இயக்காமல் விட்டிருந்தேன். அங்கே உட்கார்ந்தபடியே இரு முனையிலும் இயக்கினேன். நான்கு மணிக்குப் பிராசசர் திணறியது, லைன் அசையவில்லை.

மாரீஸ்வரியிடம் மன்னிப்புக் கேட்டேன். "எங்கிட்ட மட்டும் சொன்னா எப்பிடி சார்? மேனேஜர் என்னைய வைஞ்சப்ப பத்துப் பேரு நின்னாக. அவுக முன்னாடி சொல்லுங்க."

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: சிப்பில் வசதி இருந்தால் முதலிலேயே இயக்கிவிடுங்கள். சிவகாசிக்குத் திரும்ப 4.40க்கு பஸ் இருக்கிறது. எனக்கு அது கிடைக்கவில்லை. மேனேஜரையும் அந்தப் பத்துப் பேரையும் கூட்டி நிறுத்தி, தப்பு என்னுடையது என்று சொல்லி முடிக்க ஐந்து மணி ஆகிவிட்டது.