இரண்டாவது ஊசி

மேலப்பாளையத்தில் எங்கள் தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் ஷம்ஸியா வீட்டு வாசலில்தான் செருப்புகள் கிடக்கும். பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ். அவளுக்கு என்ன என்று கேட்கத்தான் ஒருவரும் கிடையாது. சவுதியில் வேலை பார்க்கும் கணவன் நாசர் தம்மாமிலிருந்து தினமும் போனில், "உம்மா மாத்திரை போட்டாங்களா?" என்று கேட்பான். நல்லவன்தான்; கேட்பதற்குக் கைகால் அசைய வேண்டாமே.

அன்று காலை அடுப்பில் பால், பிள்ளைகளுக்கு டிபன், நடுவில் மாமியார் ஜுபைதா பீவிக்கு இன்சுலின். போட்டு முடித்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து போன். ஒருத்தி வரவில்லையாம், இன்றைக்கும் இரண்டு ஷிப்ட் பார்க்க வேண்டும். ஒரு வாரமாகவே தூக்கம் சரியில்லை. போனை வைத்தவள் மறுபடி மருந்தை ஏற்றிக்கொண்டு மாமியிடம் போனாள். வார்டில் ஊசி போட்டதும் சார்ட்டில் கையெழுத்துப் போடுவார்கள். அடுத்து வருகிறவள் அதைப் பார்த்துவிட்டுத்தான் மருந்தைத் தொடுவாள். வீட்டில் அடுத்து வருகிறவளும் அவளேதான். ஜுபைதா பீவி ஒன்றும் சொல்லாமல் மறுபடி வயிற்றைக் காட்டினாள்.

குப்பை டப்பாவில் இரண்டு சிரிஞ்சு கிடந்ததைப் பார்த்தபோதுதான் ஷம்ஸியாவுக்கு இரண்டு தடவை போட்டுவிட்டது தெரிந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் மாமிக்குச் சர்க்கரை இறங்கி, வேர்த்து, கை உதறிக்கொண்டிருந்தது. கருப்பட்டியைக் கரைத்துக் கொடுத்து, டாக்டரிடம் போனில் கேட்டு, சோறு ஊட்டி, விரலில் குத்திக் குத்திப் பார்த்து, சர்க்கரை ஏறி நின்ற பிறகுதான் தரையில் உட்கார்ந்தாள்.

"ரெண்டாவது தடவ போடுதேன்னு சொல்லப்பிடாதா மாமி?"

"நீ நர்ஸு. காரணமில்லாமயா போடுவேன்னு இருந்துட்டேன்."

அந்த நம்பிக்கையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. "எனக்குப் புத்தி பிசகிட்டு மாமி. வார்டுல ஊசிய எடுத்தாலே பயமா இருக்கு. பாத்ரூம்ல போய் அழுதுட்டு வாரேன். எங் கைய நானே நம்பல" என்று சொல்லி அழுதாள்.

ஜுபைதா பீவிக்கு நாக்கு நீளம். மருமகள் வைக்கும் குழம்பில் தினமும் ஒரு குற்றம் கண்டுபிடிப்பவள். அன்று மருமகளின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு மகனைப் போனில் பிடித்தாள்.

"உம்மா, மாத்திரை போட்டீங்களா?"

"எம் மாத்திரை கெடக்கட்டும். ஒம் பொண்டாட்டிக்கு முடியல. நாளைக்கு மனசுக்குப் பாக்குற டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போறேன்."

"ஊரு என்ன சொல்லும்மா?"

"ஊரு வந்து எனக்கு ஊசி போடுமா லே?"

மறுநாள் இருவரும் ஆட்டோவில் போனார்கள். டாக்டர் அறை வாசலில் இருந்த பெண், "பேஷண்ட் யாரு?" என்று கேட்டாள். பழக்கத்தில் ஷம்ஸியா மாமியைக் காட்டினாள்.

ஜுபைதா பீவி அந்தக் கையைப் பிடித்து இறக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் கூட வந்தவ. எம் மவளப் பாருங்க."